இடுப்பு ஒடிவது தலைவிதியா?

பைக்காரா என்று சொன்னால் நம்மவர்களில் அநேகருக்கு ஞாபகம் வருவது நீர்வீழ்ச்சியும், படகுச் சவாரியும், அங்கே எடுக்கப்பட்ட சினிமாப் பாட்டுகளுமேயாகும். உதகமண்டலத்திலிருந்து கூடலூர் போகும் பாதையில் சுமார் 20 கிலோமீட்டர் தூரத்திலுள்ள இந்த ஊருக்கு வருஷம் முழுவதும் ஏராளமான ஜனங்கள் வருகின்றார்கள். தண்ணீரைப் பார்க்கின்றார்கள்; பச்சைப் பசேலென்ற தேயிலைச் சரிவைப் பின்னால் வைத்துப் போட்டோ பிடித்துக் கொள்ளுகின்றார்கள்; சூடாக ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புகின்றார்கள். சினிமாவில் வரும் கதாநாயகியும் இதே மாதிரிச் சரிவுகளில்தான் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு ஆடிப் பாடுகின்றாள். அந்தக் கூடைக்குள் எட்டிப் பார்த்தவர் யாருமில்லை. அது காலிக் கூடை. காலியாயிருப்பதனால்தான் அவளால் ஆட முடிகின்றது. நிரம்பிய கூடையோடு ஆடுகின்ற பெண் ஒருத்தியும் இந்த மலையில் இல்லை.

அந்த நிரம்பிய கூடையைப் பற்றியே இவ்வாரம் எழுத முற்படுகின்றோம்.

பைக்காரா 1932-லேயே கண்ட உண்மை

பைக்காராவுக்கு இன்னொரு பெருமையுமுண்டு. 1929-ல் வேலை துவங்கி 1932-ல் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்த பைக்காராத் திட்டம்தான் அந்நாளைய சென்னை மாகாணத்தின் முதல் பெரிய நீர்மின் திட்டமாகும். மேட்டிலே ஓடிக்கொண்டிருந்த ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் அடைத்து, சுமார் 3000 அடி கீழேயுள்ள சிங்காராவுக்கு இறக்கி, அந்த இறக்கத்தின் பலத்தாலேயே சக்கரத்தைச் சுழலச் செய்தார்கள். அங்கே பிறந்த மின்சாரம் கோயமுத்தூருக்குப் போயிற்று, பஞ்சாலைகள் பெருகின. இதற்கு எந்த நதி தேவதையின் அருளும் வேண்டியிருக்கவில்லை. இரும்புக் குழாயும், சக்கரமும், கணக்குத் தெரிந்த மனிதனுடைய மூளையுமே வேண்டியிருந்தன. மேலேயுள்ள கிளன்மார்கனுக்கும் கீழேயுள்ள சிங்காராவுக்கும் இடையில் ஆட்களையும் சாமான்களையும் ஏற்றி இறக்க இரும்புக் கயிற்றில் ஓடும் விஞ்சு வண்டியும் அமைத்தார்கள்.

அதற்கும் முன்னாலேயே நீலகிரி மலை ரயில் வந்துவிட்டது. 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் உதகமண்டலம் வரையிலும் அது ஏறிற்று. மலையின் செங்குத்தைப் பார்த்துவிட்டு, வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்று, தண்டவாளத்துக்கு நடுவில் பல்வைத்து, எஞ்சினுக்கும் பல்சக்கரம் மாட்டினார்கள். இரும்பு எஞ்சினுக்கு இந்த மலை கஷ்டம் என்று கண்டுகொண்ட புத்தி, எலும்பும் சதையுமான ஒரு பெண்பிள்ளை இதே மலையில் மழைச் சேற்றில் மூட்டையைச் சுமந்து ஏறுவது கஷ்டம் என்பதை மாத்திரம் ஏன் காணவில்லை? யந்திரத்துக்குக் கயிறும் பல்லும் சக்கரமும். மனுஷிக்கு அவளுடைய தலையும் இடுப்பும்தானா என்று கேட்கின்றோம்.

ஆறு பேர் சொன்ன ஆறு காரணம்

சமீபத்தில் ஒரு பிரசாரக் கூட்டத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்தோம். கூட்டம் முடிந்ததும் ஒரு லைன் வீட்டில் டீ கொடுத்தார்கள். அந்த வீட்டு அம்மாள் எழுந்து வரவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, இடுப்பில் ஒரு பழைய சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயது 41. அவளுடைய பாட்டி கண்டிச் சீமையில் கொழுந்து சுமந்தவள். 1964-ல் டில்லியும் கொழும்பும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் கப்பலேற்றி அனுப்பப்பட்ட குடும்பங்களில் அவள் குடும்பமும் ஒன்று. தாயார் இந்த மலையில் சுமந்தாள். இவள் 18 வயதிலிருந்து சுமந்தாள். மூன்று தலைமுறையில் தேசம் மாறிற்று, பிரஜாவுரிமை மாறிற்று, கொடி மாறிற்று. தலையிலிருந்த மூட்டை மாத்திரம் மாறவில்லை.

"ஏழு மாசமா குனிய முடியலே அண்ணே. சோத்துப் பானையைக்கூட மகதான் இறக்கி வைக்கிறா" என்றாள்.

என்ன நடந்தது என்று கேட்டோம். மழை நாள். நனைந்த கொழுந்து. மூட்டையைக் கட்டித் தலைக்கு ஏற்றும்போது வழக்கமாகக் கைகொடுத்துத் தூக்கிவிடுகின்றவள் அன்றைக்கு வேறு பக்கம் போய்விட்டாள். மேஸ்திரி, தராசு மூடிவிடும் என்று சத்தம் போட்டார். தனியாகவே தம் பிடித்துத் தூக்கித் திரும்பியபோது கால் சறுக்கிற்று. கீழே விழவில்லை, மூட்டையையும் விடவில்லை. "இடுப்புல சடக்குன்னுச்சு. அப்புறம் குதிகால் வரைக்கும் கரண்டு அடிச்ச மாதிரி ஒரே இழுப்பு" என்றாள்.

மூட்டை எவ்வளவு கனம் இருந்தது என்று கேட்டோம். வேறு ஆட்கள் எடுத்துப்போய் நிறுத்தபோது 38 கிலோ இருந்ததாம். தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு போக அவள் கணக்கில் எழுதியது 34. தோழர்களே! இந்தக் கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். நனைந்த இலையிலுள்ள தண்ணீர் கூலிக்குச் சேராது என்று கழித்துவிடுகின்றார்கள். ஆனால் அவளுடைய இடுப்பு அந்தத் தண்ணீரைக் கழித்துவிட்டா தூக்கிற்று? முதலாளியின் தராசுக்குக் கனமில்லாத 4 கிலோ, தொழிலாளியின் முதுகெலும்புக்கு மாத்திரம் கனமாயிருந்தது.

நிற்க, இந்த நோய்க்குக் காரணம் சொல்ல வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தோம். மாமியார் திருஷ்டி என்றாள். அண்டை வீட்டார், பிறக்கும்போது கால் முதலில் வெளிவந்த ஒரு பையனைக் கூட்டிவந்து, அவன் காலால் முதுகில் உதைத்தால் சுளுக்கு ஓடிவிடும் என்று உதைக்கச் சொன்னார்கள். ஜோசியர் ஏழரைச் சனி என்றார். பூசாரி, அம்மனுக்கு வேண்டுதல் பாக்கியிருக்கின்றது என்றார். மேஸ்திரி, வயசாகிவிட்டது என்றார். மருந்துச்சாலையில், வாயுப் பிடிப்பு என்று சொல்லி நாலு வலி மாத்திரையும் ஒரு தைலமும் கொடுத்து அனுப்பினார்கள். ஆக ஆறு பேர், ஆறு காரணம். 38 கிலோ என்கின்ற ஏழாவது காரணத்தைச் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. விபத்து எழுதும் புஸ்தகத்தில் ஒரு வரியும் ஏறவில்லை.

இந்த ஆறு பேரில் மூட்டையின்மேல் பழி போட்டவர் எவருமில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகின்றோம். கிரகத்தின்மேலும், அம்மன்மேலும், வயதின்மேலும், வாயுவின்மேலும் போடப்பட்ட பழிகள் எல்லாம் போய் முடிகின்ற இடம் ஒன்றுதான்: நஷ்டஈடு கொடுக்க வேண்டிய அவசியமில்லை. மூடநம்பிக்கை ஏழையிடமிருந்து பூசைக் காசை மாத்திரம் பிடுங்குகின்றது என்று நினைப்பது தவறு. அது அவளுக்குச் சட்டப்படி வரவேண்டிய பணத்தையும் வரவொட்டாமல் தடுத்துவிடுகின்றது.

உடம்பின் கணக்கு

இனி, உண்மையில் அவள் இடுப்பில் நடந்தது என்னவென்று பார்ப்போம். இதைத் தெரிந்துகொள்ள டாக்டர் பரீட்சை தேற வேண்டியதில்லை. கடப்பாறையால் கல்லை நெம்பியவர் எவருக்கும் விளங்கும். கடப்பாறையில் நாம் பிடிக்கும் பக்கம் நீளம். கல்லைத் தொடும் பக்கம் குட்டை. அதனால் கொஞ்ச பலத்தில் பெரிய கல் அசைகின்றது. நம்முடைய இடுப்பிலோ இந்த ஏற்பாடு தலைகீழாக இருக்கின்றது. நாம் குனிந்து தூக்கும் பாரம் நீண்ட பக்கத்திலும், அதை இழுத்துப் பிடிக்கும் முதுகுச் சதை குட்டைப் பக்கத்திலும் அமைந்திருக்கின்றன. முதுகெலும்பின் மூட்டுக்கும் பின்சதைக்கும் உள்ள தூரம் சுமார் 5 சென்டிமீட்டர். கையிலுள்ள மூட்டை முதுகெலும்புக்கு 40 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால், அதைப்போல் எட்டு மடங்கு பலத்தில் சதை இழுக்க வேண்டும். 20 கிலோ மூட்டைக்கு 160 கிலோ இழுப்பு. இரண்டும் சேர்ந்து கீழ்முதுகை அமுக்குவது 180 கிலோ. குனிந்திருக்கும் உடம்பின் மேற்பாதியைத் தாங்கும் பாரம் இதற்குமேல் வேறு. 38 கிலோவுக்கு என்ன ஆகும் என்பதை வாசகர்களே பெருக்கிப் பார்த்துக் கொள்ளலாம்.

இந்த அமுக்கத்தைத் தாங்குவது முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவில் இருக்கும் மெத்தை போன்ற ஜவ்வு. அதன் வெளிச்சுற்று நார். உள்ளே கூழ் போன்ற பொருள். நேராக அமுக்கினால் ஓரளவு தாங்கும். குனிந்தபடி, திரும்பியபடி, திடீரென்று அமுக்கினால் நார் கிழிந்து, உள்ளேயிருப்பது பிதுங்கி, பக்கத்தில் காலுக்குப் போகும் நரம்பை நசுக்குகின்றது. "கரண்டு அடிச்ச மாதிரி" என்று அந்த அம்மாள் சொன்னது இதைத்தான். பிதுங்கிய ஜவ்வுள்ள முதுகில் காலால் உதைப்பது வைத்தியமல்ல, இரண்டாவது விபத்து.

எல்லோருக்கும் ஒரே நாளில் சடக்கென்று போய்விடுவதுமில்லை. தினந்தோறும் கொஞ்சங் கொஞ்சமாக நைந்து, ஒருநாள் ஒரு சின்னக் குடத்தைத் தூக்கும்போது அறுபடுவதே அதிகம். அப்போது குடத்தின்மேல் பழி விழுகின்றது. இருபது வருஷத்து மூட்டை தப்பித்துக் கொள்ளுகின்றது. முதுகு மாத்திரமல்ல: தம் கட்டித் தூக்குவதால் வயிற்றுச் சுவர் பலவீனப்பட்ட இடத்தில் குடல் பிதுங்குவதுண்டு. பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கர்ப்பப்பை கீழே இறங்குவதற்குப் பாரம் தூக்குவதும் ஒரு காரணமாகின்றது. இந்தக் கடைசி நோயைப் பெண்கள் வெட்கத்தினால் புருஷனிடம்கூடச் சொல்லுவதில்லை. கந்தையைச் சுருட்டி வைத்துக்கொண்டு மறுநாளும் மலையேறுகின்றார்கள்.

இவையெல்லாம் நேற்றுக் கண்டுபிடித்த விஷயங்களுமல்ல. இத்தாலி தேசத்து வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்பவர் தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-லேயே ஒரு புஸ்தகம் எழுதி, அதில் சுமை கூலிகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். அமெரிக்கத் தொழில் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தார் 1991-ல் திருத்தி அமைத்த கணக்கின்படி, இரண்டு கையாலும் தூக்கும் பாரம், பிடி நன்றாயிருந்து, உடம்போடு ஒட்டியிருந்து, திரும்பாமல், எப்போதாவது ஒருமுறை தூக்கினால்கூட 23 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. தூரம், உயரம், திருப்பம், அடிக்கடி தூக்குதல், பிடியில்லாமை ஒவ்வொன்றுக்கும் அந்த 23-லிருந்து குறைத்துக்கொண்டே போக வேண்டும். சேற்றுச் சரிவில் பிடியில்லாத ஈரச்சாக்குக்கு என்ன மிஞ்சும்?

சுமைதாங்கியும் இளவட்டக்கல்லும்

நம் நாட்டுப் பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் பாவியிருப்பார்கள். தலைச்சுமைக்காரன் ஒருவர் உதவியுமில்லாமல், குனியாமல், மூட்டையை அதன்மேல் தள்ளிவைத்து இளைப்பாறிவிட்டு மறுபடியும் தலைக்கு எடுத்துக் கொள்ளலாம். ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான் இடுப்புக்கு ஆபத்து என்பதை அந்தக் காலத்துப் படியாத ஜனங்கள் அனுபவத்தில் கண்டு செய்த ஏற்பாடு அது. அதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

ஆனால் அந்தக் கல்லை எதற்காக நட்டார்கள் என்று கேட்டால், கர்ப்பமாயிருந்தபோதோ பிரசவத்திலோ இறந்துபோன பெண்ணின் ஆவி வயிற்றுச் சுமையோடு அலையுமென்றும், வழிப்போக்கரின் சுமையை இறக்க இடங்கொடுத்தால் அவளுடைய சுமை இறங்கிச் சாந்தியாகுமென்றும் சொல்லுகின்றார்கள். என்ன பரிதாபம்! செத்த பெண்ணின் சுமையை இறக்கக் கல் நட்ட சமூகம், உயிரோடிருக்கும் கர்ப்பிணியின் தலையிலிருந்து மூட்டையை இறக்க ஏன் நினைக்கவில்லை? ஆவிக்குக் காட்டிய ஜீவகாருண்யத்தில் பாதியை உடம்புக்குக் காட்டியிருந்தால் அந்தப் பெண்களில் சிலராவது சாகாமலே இருந்திருக்கக் கூடும். ஆகவே நாம் சொல்லுவது, ஆவியைத் தள்ளுங்கள், கல்லை வைத்துக் கொள்ளுங்கள் என்பதே. தேயிலைச் சரிவில் நூறு கெஜத்துக்கு ஒரு சுமைதாங்கி மேடையிருந்தால், அது நூறு அர்ச்சனையைவிட மேலான காரியமாகும்.

ஆண்பிள்ளைகள் கதை வேறு. தென்பாண்டிச் சீமையில் இளவட்டக்கல் என்று ஒன்று உண்டு. உருண்டையான அந்தப் பெருங்கல்லைத் தூக்கித் தோளுக்கு மேல் போட்டால்தான் வாலிபன் ஆண்பிள்ளை, அவனுக்குத்தான் பெண் என்று ஒரு வழக்கம் இருந்தது. இப்போதும் பொங்கலுக்குப் போட்டியாக நடக்கின்றது. கல்லைத் தூக்கினவனுக்குக் கைதட்டு. இடுப்புப் பிடித்துக் கொண்டவனுக்குப் பரிகாசம். இந்தப் புத்தியையே கேரட் மூட்டை, உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றும் தோழர்களும் லாரியடிக்குக் கொண்டு வருகின்றார்கள். இரண்டு மூட்டையாக எடுப்பவன் சூரன். வலிக்கின்றது என்று சொல்லுகின்றவன் பேடி. முதலாளிக்கு இதைவிட லாபமான வீரம் வேறென்ன வேண்டும்?

சட்டம் எங்கே நின்றுவிட்டது?

சட்டமே இல்லை என்று சொல்லுவதற்கில்லை. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-வது பிரிவு, காயம் உண்டாக்கக்கூடிய அளவு கனமான பாரத்தை எவரையும் தூக்கவோ சுமக்கவோ நகர்த்தவோ செய்யலாகாது என்று விதித்தது. அதன்கீழ் பல மாகாணங்கள் செய்த விதிகள் வயது வந்த பெண்ணுக்கு 30 கிலோ என்று எல்லை கட்டின. ஆனால் அது தொழிற்சாலைக்கு ஏற்பட்ட சட்டம். கொழுந்து ஃபாக்டரிக்குள் நுழைந்த பிறகு சட்டம் உண்டு. ஃபாக்டரி வாசலுக்கு வந்து சேரும்வரையில் இல்லை. பல ஃபாக்டரிகளில் உள்ளே கொழுந்து மேலே கட்டிய தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டு தானே போகின்றது. வெளியே அதே கொழுந்து ஒருத்தியின் தலையில் போகின்றது.

சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1967-ல் 127-வது உடன்படிக்கையைச் செய்தது. சுகத்துக்கும் பத்திரத்துக்கும் கெடுதியான பாரத்தை எந்தத் தொழிலாளியும் சுமக்கலாகாது, பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அளவு கணிசமாகக் குறைவாயிருக்க வேண்டும், கூடியமட்டும் கருவிகளை உபயோகிக்க வேண்டும் என்பன அதன் சாரம். அதனுடன் வந்த சிபாரிசில் ஆணுக்கே 55 கிலோதான் உச்ச அளவு. இந்திய சர்க்கார் 2010-ல் இதை ஒப்புக்கொண்டது. அதே 2010-ல்தான் 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தையும் திருத்தினார்கள். பூச்சிமருந்து முதலியவைகளைக் கையாளுவதற்குப் பாதுகாப்பு விதிகள் சேர்த்தார்கள், அது நல்லதுதான். ஆனால், பாரத்தைப் பற்றி உலகத்துக்கு முன்னால் கையெழுத்துப் போட்ட அதே வருஷத்தில், தோட்டத்துச் சட்டத்தில் பாரத்துக்கென்று ஒரு வரி சேர்க்க அவர்களுக்கு ஞாபகம் வரவில்லை. இப்போது பழைய சட்டங்களையெல்லாம் சேர்த்து நான்கு தொகுப்பாக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்குக் கொண்டு வந்திருக்கின்றார்கள். புஸ்தகத்தின் அட்டை மாறிற்று. நாம் பார்த்த தராசுக் கொட்டகையின் சுவரில், ஒருத்தி தலையில் இத்தனை கிலோவுக்கு மேல் ஏற்றலாகாது என்ற ஒரு எண் இன்றைக்கும் எழுதியில்லை.

நஷ்டஈட்டு விஷயமும் இப்படியே. தொழிலால் வரும் நோய்கள் என்று சட்டத்தில் ஒரு பட்டியல் உண்டு. ஈயம், பாதரசம், கல்தூசி எல்லாம் அதில் உண்டு. சுமையால் நைந்த முதுகு இல்லை. ஆகையால் அதை விபத்து என்றுதான் கேட்க வேண்டும். விபத்து என்றால் கீழே விழ வேண்டும், ரத்தம் வர வேண்டும் என்று மேஸ்திரிமார் சொல்லுவார்கள். அது சுத்தப் புரட்டு. இங்கிலாந்தில் ஃபென்டன் என்ற தொழிலாளி, அசையாத ஒரு யந்திரச் சக்கரத்தைப் பலங்கொண்டமட்டும் திருப்பியபோது குடலிறக்கம் கண்டான். சக்கரம் உடையவில்லை, அவனும் விழவில்லை, ஆகவே விபத்தில்லை என்று முதலாளி வாதித்தார். 1903-ல் லண்டன் பிரபுக்கள் சபை, வேலையில் உடம்பு எதிர்பாராமல் முறிவதும் விபத்தே என்று தீர்ப்புச் சொல்லிற்று. நம் நாட்டில் 1923-ல் ஏற்பட்ட நஷ்டஈட்டுச் சட்டமும் அந்த இங்கிலீஷ் சட்டத்தின் வார்த்தைகளைத் தழுவியதே. இவ்வளவு காலமாகியும் அந்த நியாயம் பைக்காராவுக்கு ஏறி வரவில்லை. வாயுப் பிடிப்பு மாத்திரம் ஏறி வந்துவிட்டது.

முதலாளிமார் சொல்லும் சமாதானங்கள்

முதலாவது, "அவர்களேதான் அதிகம் தூக்குகின்றார்கள், யார் கட்டாயப்படுத்தினார்கள்?" என்பது. கட்டாயம் தடியாலேயே நடக்க வேண்டுமென்பதில்லை. இத்தனை கிலோவுக்குக் கூலி, அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக்காசு என்று வைத்துவிட்டு, அடிப்படைக் கூலியைக் குடும்பத்துக்குப் போதாமல் வைத்தால், அவள் கையாலேயே அவள் தலையில் மூட்டை ஏற்றச் செய்துவிடலாம். பசி மேஸ்திரியைவிடக் கண்டிப்பானது.

இரண்டாவது, "அவர்களுக்குப் பழக்கம், பரம்பரையாகச் செய்கின்றார்கள்" என்பது. பரம்பரையாகச் சுமந்தால் எலும்பு இரும்பாகிவிடுமா? ஒரு ஜாதியார் சுமக்கவே பிறந்தவர்கள், ஒரு ஜாதியார் சுமக்கச் சொல்லவே பிறந்தவர்கள் என்ற பழைய மனுதர்மமே இது. எஸ்டேட் ஆபீஸில் கால்சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றது.

மூன்றாவது, "செலவாகும்" என்பது. அரிசி மூட்டை ஒரு காலத்தில் 100 கிலோ கனமிருந்தது. இன்று ரேஷன் கடைக்கு 50 கிலோ மூட்டையாக வருகின்றது. அதனால் தேசத்தில் அரிசி குறைந்துவிட்டதா? சாக்கைச் சிறியதாகத் தைப்பதற்கு எந்த மூலதனம் வேண்டும்? ஒரே தடவையில் சுமப்பதை இரண்டு தடவையில் சுமப்பதற்கும், தராசை லைனுக்கு அருகில் வைக்காமல் கொழுந்துக்கு அருகில் கொண்டுபோவதற்கும் என்ன பெரிய செலவு? வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே இலங்கைத் தோட்டங்களில் மலையுச்சியிலிருந்து கம்பி கட்டி அதில் கொழுந்து மூட்டையை ஃபாக்டரிக்கு வழுக்கி இறக்கினார்கள். மின்சாரம் பிறந்த மலையில் இது முடியாதென்றால், மனமில்லை என்பதே அர்த்தமாகும்.

நான்காவது சமாதானத்தை நம் தொழிலாளத் தோழர்களே சொல்லுகின்றார்கள்: "யந்திரம் வந்தால் வேலை போய்விடும்." இந்தப் பயம் நியாயமானது, இதைப் பரிகசிக்க நாம் தயாராயில்லை. ஆனால் பயப்பட வேண்டியது யந்திரத்துக்கல்ல, அதன் லாபம் யாருக்குப் போகின்றது என்பதற்குத்தான். யந்திரம் மூட்டையை எடுத்துக் கொள்ளட்டும். கூலியை எடுத்துக்கொள்ள விடாதிருப்பது சங்கத்தின் வேலை. பாரத்தைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு வேலையைக் காப்பாற்றியதாக நினைத்தால், நாற்பது வயதில் இடுப்பு ஒடிந்து இரண்டும் போய்விடுகின்றது.

என்ன செய்ய வேண்டும்?

தோழர்களே! ஆகாயத்தைப் பார்த்துக் கேட்க வேண்டியது ஒன்றுமில்லை. ஆபீஸைப் பார்த்துக் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

ஒவ்வொரு தராசுக் கொட்டகையிலும், ஒரு பெண் எத்தனை கிலோவுக்கு மேல் சுமக்கலாகாது என்ற எண்ணைத் தமிழில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், 2010-ல் கையெழுத்துப் போட்டது யாருக்காக என்று கேளுங்கள். சாக்கை அந்த அளவுக்குமேல் கொள்ளாதபடி தைக்கச் சொல்லுங்கள். சரிவுகளில் இறக்கிவைக்க நெஞ்சுயர மேடை கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றுத் தேறாதவர்களுக்கும் சுமையே கூடாதென்று சொல்லுங்கள். தண்ணீரைக் கூலியில் கழிப்பதென்றால் முதலில் தலையிலிருந்து கழிக்கட்டும் என்று சொல்லுங்கள்.

தூக்கும்போது இடுப்பு பிடித்தால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே இரண்டு பேரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, மணி, இடம், மூட்டையின் எடை மூன்றையும் சொல்லி விபத்துப் புஸ்தகத்தில் எழுதச் செய்யுங்கள். எழுதாவிட்டால் சங்கத்தின் மூலமாகத் தபாலில் அனுப்புங்கள். வைத்தியரிடம் "வாயு" என்று சொல்லாதீர்கள். "இத்தனை கிலோ தூக்கினேன்" என்று சொல்லுங்கள். நோயின் பெயரை நீங்கள் மாற்றிச் சொன்னால் சட்டமும் உங்களை மறந்துவிடும்.

சங்கத்தார்களுக்கும் ஒரு வார்த்தை. போனசுக்குக் கொடி பிடிக்கின்றீர்கள், சந்தோஷம். ஆனால் உங்கள் நிர்வாகக் கமிட்டியில் கொழுந்து சுமக்கின்ற பெண்கள் எத்தனை பேர்? சுமக்கின்றவள் பேச வராத மேடையில் சுமையைப் பற்றிய தீர்மானம் எப்படி வரும்?

அந்த அம்மாளிடம் விடைபெற்றபோது, "போன பிறவியில என்ன பாவம் பண்ணினேனோ அண்ணே" என்றாள். "அம்மா, போன பிறவிக்கு ரிஜிஸ்டர் கிடையாது, தராசுக்கு உண்டு. அந்த நாளையத் தேதியில் 38 என்று எழுதியிருக்கும். அதைப் பிடித்துக் கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தோம். வாசலில் நின்றிருந்த அவள் மகளுக்கு 19 வயது. மறுநாள் முதல் அவளுக்கும் அதே சரிவில்தான் வேலையாம்.

அந்தப் பெண்ணின் நெற்றியில் யாரும் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. அவளுடைய தலையில் ஏறப்போகின்ற மூட்டையை எவ்வளவாகக் கட்டுவது என்பதை மனிதர்கள்தான் தீர்மானிக்கின்றார்கள். மனிதர்கள் தீர்மானித்ததை மனிதர்களே மாற்றலாம். நாலு பேர் கூடிக் கேட்டால், அவளுடைய தாயின் நாற்பத்தோராவது வயது அவளுக்கு வராமல் செய்யலாம்.